மார்ஸ்டன் பார்க்கில் மூன்று கோடைகள்: சிட்னியின் வெயில் புறநகருக்குக் குடிபெயர்வது தகுமா?

சிட்னியின் வடமேற்கு விளிம்பில், நகர மையத்திலிருந்து சுமார் 50 கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் மார்ஸ்டன் பார்க்கில் நாங்கள் குடியேறி மூன்று கோடைகள் கடந்துவிட்டன. அதற்கு முன்பு எட்டு ஆண்டுகள் ஹோம்புஷில், இரண்டு படுக்கையறை கொண்ட ஓர் அடுக்குமாடி வீட்டில் வாடகைக்கு இருந்தோம். ஹோம்புஷ், வென்ட்வொர்த்வில், பெண்டில் ஹில், டூங்காபி என்று தமிழர்கள் அடர்ந்து வாழும் பகுதிகளிலிருந்து சொந்த வீடு தேடி வடமேற்கே வர நினைப்பவர்கள் மாதத்துக்கு ஒருவராவது என்னிடம் அபிப்பிராயம் கேட்கிறார்கள். அவர்களுக்குத் தொலைபேசியில் அரைகுறையாகச் சொல்லிவந்ததை முழுமையாக எழுதிவைப்பது நல்லது என்று தோன்றியது. வாழ்நாள் சேமிப்பையும் முப்பது ஆண்டுக் கடனையும் போட்டு வாங்கும் பொருளுக்கு, ஒரு குளிர்பதனப் பெட்டிக்கு எழுதும் அளவுக்காவது மதிப்புரை வேண்டும்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஊர் நல்ல ஊர், குடும்பத்தோடு வாழத் தக்க ஊர். ஆனால் இங்கே விற்கப்படும் வீடுகளில் பெரும்பாலானவை இந்த ஊரின் வெயிலை எண்ணிக் கட்டப்பட்டவை அல்ல. எனவே "மார்ஸ்டன் பார்க் வெயில் தாங்க முடியுமா" என்ற கேள்வியை விட, "நான் வாங்கப்போகும் இந்த வீடு ஜனவரி மாதம் மாலை ஐந்து மணிக்கு எப்படி இருக்கும்" என்ற கேள்விதான் முக்கியம். அந்தக் கேள்வியை நாங்கள் கேட்கத் தவறினோம்.

தவறியதற்குக் காரணம், நாங்கள் வேலூர்க்காரர்கள். கத்திரி வெயிலில் பள்ளி மைதானத்தில் கிரிக்கெட் ஆடி வளர்ந்தவனுக்கு ஆஸ்திரேலியப் புறநகர் ஒன்றின் வெயில் பெரிதாகத் தோன்றவில்லை. 2020 ஜனவரி 4 அன்று பக்கத்துப் பென்ரித்தில் 48.9 டிகிரி பதிவானதை நாங்கள் அறிவோம். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, 2018 ஜனவரி 7 அன்று, அதே பென்ரித்தில் 47.3 டிகிரி பதிவானதையும் செய்தியில் படித்திருந்தோம். அவையெல்லாம் எப்போதோ ஒரு நாள் வருபவை என்று ஒதுக்கிவிட்டோம். அந்த உச்ச அளவுகள் அரிதானவை என்பது உண்மைதான். ஆனால் உச்சத்தை மட்டும் பார்த்ததில், ஒவ்வொரு கோடையிலும் திரும்பத் திரும்ப வரும் 38, 40 டிகிரி நாட்களைக் கணக்கில் எடுக்காமல் விட்டோம்.

இந்தப் பகுதி ஏன் இப்படிச் சுடுகிறது என்பதைப் புரிந்துகொள்வது வீடு வாங்குபவருக்குப் பயன்படும். கோடையில் பாண்டை, கூஜி போன்ற கடற்கரைப் பகுதிகளில் முற்பகலிலேயே கடற்காற்று எழுந்து வெப்பத்தை அடக்கிவிடுகிறது. அந்தக் காற்று நிலத்தின்மேல் நகர்ந்து வரவர வலுவிழந்து, இந்தப் பக்கம் வந்து சேரும்போது மாலையாகிவிடும். பல நாட்களில் வந்து சேர்வதே இல்லை. மேற்கே நீல மலைத்தொடர் இருக்கிறது. கண்டத்தின் உட்பகுதியிலிருந்து வீசும் வறண்ட காற்று அந்த மலையைத் தாண்டிச் சரிவில் கீழிறங்கும்போது இன்னும் சூடேறி நம்மேல் விழுகிறது. கடலின் உதவி கிடைக்காமல், மலையின் சூட்டையும் வாங்கிக்கொள்ளும் இடம் இது. ஹோம்புஷில் 33 டிகிரி என்று இருக்கும் நாளில் இங்கே 38 இருப்பதை எங்கள் காரின் வெப்பமானி பலமுறை காட்டியிருக்கிறது.

இந்த அளவுகூட வேலூரோடு ஒப்பிட்டால் பொறுக்கத்தக்கதே. சொல்லப்போனால், வேலூரில் இல்லாத ஒரு பெரிய நன்மை இங்கே உண்டு: இரவு குளிர்ந்துவிடும். தெற்கிலிருந்து குளிர்காற்று திடீரென்று திரும்பும் நாட்களில் ஒரு மணி நேரத்துக்குள் பத்து டிகிரிக்கு மேல் இறங்குவதை வாசலில் நின்றபடியே உணரலாம். தெருவில் எல்லா வீட்டுச் சன்னல்களும் ஒன்றன்பின் ஒன்றாகத் திறக்கும் ஓசை கேட்கும். மே மாதத்து வேலூரில் இரவு இரண்டு மணிக்கும் புழுங்கிக்கொண்டு கிடப்போமே, அது இங்கே பெரும்பாலும் இல்லை.

அப்படியானால் சிக்கல் எங்கே என்றால், வீட்டில். முதல் கோடையில் என் அம்மா வேலூரிலிருந்து வந்து மூன்று மாதம் எங்களோடு தங்கியிருந்தார். 40 டிகிரி அடித்த ஒரு டிசம்பர் நாளில், மாலை ஆறு மணிக்கு வீட்டின் முன்புறம், கார்க் கொட்டகையின் நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். உள்ளே வரும்படி அழைத்தபோது, "ஏம்பா, வெளியில நிழல்ல காத்து வருது, உள்ளதான் அடுப்பாட்டம் இருக்கு" என்றார். எண்ணளவில் அப்படியில்லை என்றாலும், அவர் சொன்னதில் உண்மை இருந்தது. அப்போது வெளியே 36 டிகிரிக்கு இறங்கியிருந்தது. மாடியில் பிள்ளைகளின் அறையில் வைத்திருந்த வெப்பமானி, ஏசி ஓடிக்கொண்டிருந்தும், 33 காட்டியது. எங்கள் ஊரில் மதியம் சன்னலைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள் இருப்பதுதான் வெயிலுக்கு வழி. மெட்ராஸ் டெரஸ் (செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்ட கனத்த கூரை) போட்ட பழைய வீடும், கனத்த சுவரும், முன்னால் திண்ணையும் பின்னால் வேப்பமரமும் அதற்குத் துணைநின்றன. அம்மா எழுபது ஆண்டுகளாக அறிந்துவைத்திருந்த அந்த வழி இந்த வீட்டில் செல்லுபடியாகவில்லை.

காரணங்களைத் தேடத் தேட ஒன்றொன்றாகத் தெரியவந்தன. முதலாவது கூரை. எங்கள் வீட்டின் கூரை கருஞ்சாம்பல் நிறம். எங்கள் தெருவில் பதினெட்டு வீடுகளில் பதினைந்து அப்படித்தான். விற்பனைக் கூடத்தில் நிறம் தேர்ந்தெடுக்கும்போது அதுவே இப்போதைய பாணி என்றார்கள், நாங்களும் தலையாட்டினோம். கரும்பரப்பு தன்மேல் விழும் வெயிலில் பெரும்பகுதியை உறிஞ்சிக்கொள்ளும், வெளிர்ப்பரப்பு திருப்பி அனுப்பிவிடும் என்பது ஐந்தாம் வகுப்புப் பாடம். நியூ சவுத் வேல்ஸ் அரசு கருங்கூரைகளைக் கட்டுப்படுத்தப்போவதாக 2021இல் அறிவித்து, 2022இல் அந்த எண்ணத்தைக் கைவிட்டுவிட்டது. அது நிறைவேறியிருந்தால் எங்களைப் போன்றவர்கள் தப்பியிருப்போம் என்று இன்றும் ஆதங்கம் உண்டு. கூரை நிறத்தை மாற்றுவதற்குக் கட்டும்போது கூடுதல் செலவே இல்லை. கட்டி முடித்த பிறகு பல்லாயிரம் டாலர்.

இரண்டாவது, கூரைக்கும் உள்தட்டிக்கும் இடையே பரப்ப வேண்டிய காப்புப் பஞ்சு. சோலார் தகடு பொருத்த வந்தவர் கூரைக்குள் ஏறிப் பார்த்துவிட்டு, மாடியின் மேற்கு மூலையில் இருக்கும் படுக்கையறைக்கு மேல் பஞ்சு விரித்திருக்கவில்லை என்று படம் எடுத்துக் காட்டினார். ஏசி குழாய்களைப் போட்டவர்கள் தங்கள் வேலைக்காக அதை ஒதுக்கிவைத்துவிட்டு, திரும்ப விரிக்காமலே போயிருக்கிறார்கள். கட்டியவர்களும் சரிபார்க்கவில்லை, வீட்டை ஒப்படைக்கும் முன் நாங்கள் பணம் கொடுத்து அமர்த்திய பரிசோதகரும் கவனிக்கவில்லை. சுருட்டிக் கிடந்த பஞ்சை ஒரு சனிக்கிழமை காலையில், வெயில் ஏறுமுன், நானும் என் மைத்துனரும் முகமூடி கட்டிக்கொண்டு விரித்தோம். அதற்கு ஒன்றரை மணி நேரம் ஆனது. அந்த அறை அன்றிலிருந்து மூன்று டிகிரி குறைந்துவிட்டது. அந்த அறையில்தான் என் மகள் முதல் கோடை முழுவதும் உறங்க முடியாமல் எங்கள் அறைக்கு வந்து படுத்தாள் என்பதை நினைத்தால் இன்னும் மனம் ஆறவில்லை.

மூன்றாவது காரணம் நம்மவர்கள் எல்லோரும் கவனிக்க வேண்டியது. நம்மில் பெரும்பாலோர் கிழக்குப் பார்த்த வீட்டைத்தான் தேடுகிறோம். விற்பனையாளர்களும் இதை நன்றாக அறிந்து, "கிழக்குப் பார்த்த மனை" என்று விளம்பரத்திலேயே போடுகிறார்கள். எங்கள் வீடும் கிழக்குப் பார்த்ததுதான். அதற்காகவே இன்னொரு வீட்டை விட்டுவிட்டு இதை வாங்கினோம். ஆனால் இங்கே எல்லாக் கட்டுநர்களின் வரைபடமும் ஏறத்தாழ ஒன்றே: முன்புறம் கார்க் கொட்டகையும் ஒரு சிறு அறையும், பின்புறம் சமையலறையும் சாப்பாட்டு மேசையும் குடும்பம் கூடும் பெரிய கூடமும், கொல்லையைப் பார்த்து தரையிலிருந்து கூரைவரை கண்ணாடிக் கதவுகள். தலைவாசல் கிழக்கே இருந்தால் அந்தக் கண்ணாடிச் சுவர் முழுவதும் மேற்கே பார்க்கும். கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்தள்ளி வைப்பதால் ஜனவரித் தொடக்கத்தில் சூரியன் மறைய இரவு எட்டு மணி தாண்டிவிடுகிறது. பிள்ளைகள் பள்ளியிலிருந்து வந்து, நாங்கள் சமைத்து, சாப்பிட்டு முடிக்கும் நேரம் முழுவதும் சாய்ந்த வெயில் நேராக அந்தக் கண்ணாடி வழியே வீட்டின் நடுவரை வந்து விழுகிறது. அடுப்பு முன் நிற்பவரின் முதுகில் வெயில் படும்.

சாத்திரத்தில் பிழை காண்பதற்காக இதைச் சொல்லவில்லை. நம் ஊரில் கிழக்குப் பார்த்த வீட்டின் மேற்கே கொல்லை இருந்தது, கிணறு இருந்தது, மரங்கள் இருந்தன. சன்னல்கள் சிறியவை, தாழ்வாரம் அகலமானது. வாசல் திசையை மட்டும் அங்கிருந்து கொண்டுவந்துவிட்டு, அதோடு சேர்ந்த மற்றவற்றை விட்டுவிட்டோம். மேலும், இது தென்கோளம். இங்கே நண்பகல் சூரியன் வடக்கே நிற்கிறது. கூடமும் கண்ணாடியும் வடக்கே பார்த்திருந்தால் கோடையில் உயரே நிற்கும் சூரியனை அரை மீட்டர் தாழ்வாரமே மறைத்துவிடும். குளிர்காலத்தில் தாழ்ந்து வரும் வெயில் வீட்டுக்குள் வந்து தரையைச் சூடாக்கும். வாசல் தெற்கே இருந்தால் கொல்லை வடக்கே அமையும். நம்மவர்கள் தயங்கும் அந்தத் தெற்கு வாசல் வீடுகள்தான் இந்த ஊரின் வெயிலுக்கு மிகவும் ஏற்றவை. கிழக்கு வாசல்தான் வேண்டும் என்று மனம் உறுதியாக இருந்தால், கூடத்தின் பெரிய சன்னல்களை வடக்குப் பக்கச் சுவருக்கு மாற்றித்தருமாறு வரைபடத்திலேயே கேளுங்கள். மனை ஓரளவு அகலமாக இருந்தால் இது நடக்கும்.

மனையின் அகலம் தனிச் சிக்கல். இங்கே 300 சதுர மீட்டர் மனையில் இரண்டு மாடி வீடு கட்டினால் வேலிக்கும் சுவருக்கும் இடையே ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலாகத்தான் இடம் மிஞ்சும். கூரைத் தாழ்வாரத்தைக் குறைத்துவிடுகிறார்கள் அல்லது வைப்பதே இல்லை. கொல்லையில் மரம் ஒன்று வேர்விட இடம் இருக்காது. வேலியோ கருஞ்சாம்பல் தகரம். முதல் வசந்தத்தில் அந்த வேலியோரம் ஒரு கறிவேப்பிலைக் கன்று வைத்தேன்; ஜனவரி வந்ததும் வேலியைத் தொட்டுக்கொண்டிருந்த பக்கத்து இலைகள் மட்டும் பொசுங்கிப் பழுப்பாகி, எதிர்ப்பக்கத்து இலைகள் பச்சையாக நின்றன. நடுவே கோடு கிழித்தது போல இருந்தது. தொட்டிக்கு மாற்றி நகர்த்திய பிறகு பிழைத்துக்கொண்டது. தைப்பொங்கல் இங்கே கோடையின் உச்சத்தில் வருகிறது என்பதால், கொல்லைச் சிமெண்ட் தரையில் வெறுங்காலோடு நிற்க முடியாது. காலை ஆறு மணிக்கு முன்பே பானை வைத்து, பால் பொங்கும்போது சூரியன் மேலெழுவதைப் பார்க்கிறோம். இது மட்டும் வெயில் எங்களுக்குத் தந்த நல்ல வழக்கம்.

ஊரின் பொது இடங்களும் வீட்டைப் போலவேதான். மேற்கு சிட்னிப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பென்ரித் பகுதியில் தெருத்தெருவாக வெப்பமானிகளைத் தொங்கவிட்டு அளந்தபோது, 2020இன் அந்த ஜனவரி நாளில் சில இடங்கள் 50 டிகிரியையே தாண்டியிருந்தது தெரிந்தது. நிழலும் மரமும் உள்ள இடத்துக்கும் இல்லாத இடத்துக்கும் உள்ள வேறுபாடு பெரியது. மார்ஸ்டன் பார்க்கில் பூங்காக்கள் ஏராளம், அழகாகவும் வைத்திருக்கிறார்கள். ஆனால் தெருவோர மரங்கள் இன்னும் இடுப்பளவோ தலையளவோதான் வளர்ந்திருக்கின்றன, விளையாட்டுத் திடல்களில் பலவற்றின் ரப்பர்த் தரை வெயிலில் கொதிக்கிறது. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை பிள்ளைகளை மாலை ஏழு மணிக்கு மேல்தான் பூங்காவுக்கு அழைத்துப்போகிறோம். இன்னும் பத்து ஆண்டுகளில் மரங்கள் வளர்ந்துவிடும் என்பது உண்மை. அதற்குள் என் பிள்ளைகள் ஊஞ்சல் ஆடும் வயதைக் கடந்திருப்பார்கள் என்பதும் உண்மை.

செலவுக் கணக்குக்கு வருகிறேன். ஹோம்புஷ் வீட்டில் கோடைக் காலாண்டுக்கு முந்நூறு டாலர் அளவில் இருந்த மின்கட்டணம், இங்கே முதல் கோடையில் தொள்ளாயிரத்தைத் தாண்டியது. வீடு முழுவதுக்கும் குழாய் வழியே குளிரூட்டும் ஏசியை இங்கே எல்லோரும் போடுகிறார்கள். அந்தக் குழாய்கள் கொதிக்கும் கூரைக்குள்ளேயே செல்வதால் பாதிக் குளிர்ச்சி வழியிலேயே போய்விடுகிறதோ என்று எனக்குச் சந்தேகம். இரண்டாம் ஆண்டு சோலார் போட்டோம். பகல் முழுவதும் அது ஏசிக்குப் போதுமானதைத் தந்துவிடுகிறது. ஆனால் மின்கட்டணம் உயரும் மாலை வேளையில்தான் எங்கள் மேற்குக் கண்ணாடி கொதிக்கிறது, சோலாரின் உற்பத்தியும் இறங்குகிறது. மதியம் இரண்டு மணிக்கே வீட்டை நன்றாகக் குளிர்வித்துவிட்டு, திரைகளை மூடிவைப்பது என்ற பழக்கத்துக்கு வந்த பிறகு கட்டணம் பாதியாகக் குறைந்தது. 2025 ஜூலை 1 முதல் வீட்டு மின்கலங்களுக்கு மத்திய அரசு தரும் தள்ளுபடி, இத்தகைய மாலைச் செலவு உள்ளவர்களுக்கு உண்மையாகவே உதவும். குளிர்காலத்தையும் மறந்துவிடாதீர்கள்; கடலிலிருந்து விலகி இருப்பதால் ஜூலை விடியற்காலைகளில் பூஜ்ஜியத்துக்கு அருகே போகிறது, அப்போது வெப்பமூட்டச் செலவாகும். என் முருங்கைக் கன்று அந்தப் பனியில்தான் போனது.

இத்தனைக்கும் பிறகு இங்கே வந்ததற்கு வருந்துகிறேனா என்றால், இல்லை. பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு அறை, அம்மா வந்தால் மாடிப்படி ஏறாமல் தங்கக் கீழே ஓர் அறை, வாசலில் கோலம் போட இடம். தெருவில் எட்டு வீடுகளில் தமிழோ தெலுங்கோ குஜராத்தியோ பஞ்சாபியோ பேசுகிறார்கள். குழந்தைகள் ஒரு வீட்டில் சாப்பிட்டு இன்னொரு வீட்டில் விளையாடுகிறார்கள். அடுக்குமாடியில் எட்டு ஆண்டுகள் இருந்தும் எதிர்வீட்டார் பெயர் எங்களுக்குத் தெரியாமலே போனது. மேஸ் ஹில்லில் இருக்கும் முருகன் கோயிலுக்கு அரை மணி நேரக் கார்ப் பயணம், மளிகைக்கும் தோசை மாவுக்கும் டூங்காபி பக்கம் போனால் போதும். ஐக்கியாவும் காஸ்ட்கோவும் ஊருக்குள்ளேயே இருக்கின்றன. முதல் வீடு வாங்குபவர்களுக்கு 8 இலட்சம் டாலர் வரை முத்திரை வரி முழு விலக்கு, 10 இலட்சம் வரை சலுகை என்று 2023 ஜூலை முதல் இருக்கிறது. ஆனால் இங்கே நான்கு படுக்கையறைத் தனி வீடு அந்த வரம்புக்குள் கிடைப்பது இப்போது அரிதாகிவிட்டது.

போக்குவரத்து பலவீனம்தான். மார்ஸ்டன் பார்க்குக்கென்று ரயில் நிலையம் கிடையாது. ஸ்கோஃபீல்ட்ஸ் ரயிலுக்கோ டல்லவாங் மெட்ரோவுக்கோ போக வேண்டும். மெட்ரோ 2019 மே மாதம் சாட்ஸ்வுட் வரையிலும், 2024 ஆகஸ்ட் 19 முதல் நகர மையம் தாண்டி சிடன்ஹம் வரையிலும் ஓடுவதால், வண்டியில் ஏறிவிட்டால் பயணம் சுகம். நிலையத்துக்குப் போய்க் கார் நிறுத்த இடம் பிடிப்பதும், ரிச்மண்ட் சாலையைக் காலையில் கடப்பதும்தான் பாடு. மருத்துவமனை என்றால் பிளாக்டவுன் அல்லது வெஸ்ட்மீட்.

வெள்ளம் பற்றி ஒரு வார்த்தை. 2021லும் 2022லும் ஹாக்ஸ்பரி ஆறு பெருகியபோது வின்ட்சர் பக்கம் மூழ்கியதை எல்லோரும் பார்த்தோம். மார்ஸ்டன் பார்க் நார்த் என்ற பகுதியில் புதிய வீடுகளுக்கு இருந்த திட்டத்தை வெள்ள அபாயம் கருதி அரசு 2023இல் கைவிட்டது. ஊரின் மற்ற பகுதிகள் மேட்டில் இருந்தாலும், வாங்கும் மனையின் வெள்ளத் தகவலைப் பிளாக்டவுன் நகராட்சியில் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். காப்புறுதிக் கட்டணத்தையும் ஒப்பந்தத்துக்கு முன்பே விசாரியுங்கள்.

வீடு பார்க்கப் போகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். இங்கே வீடுகளைச் சனிக்கிழமை காலையில், ஏசியை ஓடவிட்டு, வாசனை மெழுகுவத்தி ஏற்றித் திறந்து காட்டுவார்கள். அதைப் பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள். கோடையில் ஒரு வேலைநாள் மாலை ஐந்து மணிக்கு ஏசியை நிறுத்திப் பார்க்க அனுமதி கேளுங்கள். மாடியின் மேற்கு அறையில் பத்து நிமிடம் உட்காருங்கள். சுவரில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். கூரைக்குள் பஞ்சு விரித்திருப்பதைப் படமாகக் கேளுங்கள். புதிதாகக் கட்டுகிறீர்கள் என்றால் நிலை கொஞ்சம் மேம்பட்டிருக்கிறது: 2023 அக்டோபர் முதல் புதிய வீடுகளுக்கு, வெயிலையும் குளிரையும் வீடு எவ்வளவு தாங்கும் என்று மதிப்பிடும் அளவுகோலில் ஏழு நட்சத்திரத் தரம் கட்டாயமாகியிருக்கிறது. எங்கள் வீடு அதற்குச் சற்று முன்பு அனுமதி பெற்றது. அதே விலையில் பழைய வீடும் இந்தத் தரத்தில் கட்டிய வீடும் இருந்தால், சமையலறை மேடை எவ்வளவு பளபளத்தாலும், பின்னதையே எடுங்கள்.

எங்களுக்கு மிஞ்சியிருப்பது செப்பனிடும் வேலை. மேற்குக் கண்ணாடிக்கு வெளிப்புறமாக இறக்கிவிடும் துணிமறைப்பு ஒன்று சென்ற அக்டோபரில் போட்டோம். உள்ளே எத்தனை திரை போட்டாலும் கிடைக்காத பலன், வெயில் கண்ணாடியைத் தொடுமுன் தடுப்பதால் கிடைத்தது. மூன்றாம் கோடையில் மாலை ஆறு மணிக்குக் கூடத்தில் 27 டிகிரி இருந்தது. கொல்லையின் ஒரே மூலையில், வேலியிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளி, குளிர்காலத்தில் இலையுதிர்க்கும் மரம் ஒன்றை வருகிற ஜூலையில் நடப்போகிறோம். அம்மா மறுபடி டிசம்பரில் வருகிறார். இம்முறை நாற்காலியைக் கூடத்தில் போட்டுவைக்கலாம் என்று நம்புகிறேன்.